மாவு பொங்கவில்லை என்றால் யார் குற்றம்?

மார்கழி பிறந்துவிட்டால் பல வீடுகளில் காலையில் காதில் விழும் முதல் பேச்சு, "மாவு பொங்கவே இல்லை" என்பதுதான். அடுத்த பேச்சு பெரும்பாலும் ஒரு பெண்ணைப் பற்றியதாக இருக்கும். "அவள் கைராசி அப்படி" என்று மாமியார் சொல்வார். "எங்கம்மா கரைத்தால் பானை வழியும்" என்று வீட்டுக்காரர் ஒத்து ஊதுவார். பெங்களூரிலும் ஊட்டியிலும், கடல் கடந்த குளிர் நாடுகளிலும் குடித்தனம் நடத்தும் நம் மகள்களும் மருமகள்களும் வாங்கும் பேச்சு இது.

என் கட்சி இதுதான். மாவு மெதுவாகப் புளிப்பதற்குக் காரணம் கை இல்லை, குளிர். அதை அவசரப்படுத்துவதை விடப் பொறுத்திருப்பதே நல்லது.

மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிரிகள் பெரும்பாலும் உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டே நம் வீட்டுக்கு வருபவை. அவற்றில் முக்கியமானது லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. அது விடும் வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மாவு எழும்புகிறது. சமையலறை 30 டிகிரி இருந்தால் ஓர் இரவு போதும். 20 டிகிரிக்கு இறங்கினால் மறுநாள் பகலும் வேண்டியிருக்கும். அந்த உயிர்கள் சாகவில்லை, வேலையை மெதுவாகச் செய்கின்றன, அவ்வளவுதான்.

மேல்நாட்டில் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறவர்களுக்கும் இதே கவலை உண்டு. (இங்கே பீர் பேச்சா என்று முகம் சுளிக்க வேண்டாம். அங்கே ஈஸ்ட், இங்கே பாக்டீரியா. குளிர் படுத்தும் பாடு இரண்டிலும் ஒன்றுதான்.) புதிதாகச் செய்கிறவர் இரண்டு நாளில் குமிழியைக் காணோமே என்று பதறுவார். பழகியவர் ஹைட்ரோமீட்டரை விட்டு அளந்து பார்ப்பார். இரண்டு மூன்று நாள் அளவு மாறாமல் நின்றால்தான் நொதித்து முடிந்தது என்று ஒப்புக்கொள்வார். ஜெர்மனியின் லாகர் பீர் சுமார் 10 டிகிரி குளிரில் நொதித்து, பிறகு வாரக்கணக்கில் குளிரிலேயே கிடக்கிறது. லாகர் என்ற சொல்லே சேமிப்புக் கிடங்கைக் குறிப்பதுதான். பவேரியாவில் 1516ல் போட்ட பீர் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றைத்தான் சொன்னது. ஈஸ்ட் அதில் இல்லை. நொதிப்பது உயிர்களின் வேலை என்று லூயி பாஸ்டர் எடுத்துச் சொன்னது 1857ல்தான். அதுவரை அவர்களும் நம் பாட்டிகளைப் போலக் கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் காலம் தள்ளினார்கள்.

நாமோ கடிகாரத்தை நம்புகிறோம். காலை ஏழு மணிக்கு இட்லி வேண்டும் என்று சோடா உப்பைப் போடுகிறோம். இட்லி உப்பிவிடும், சரி. ஆனால் புளிப்பு அதில் வருவதில்லை. சோடாவின் காரத்தில் பி1 வைட்டமினும் கெடும். ஒரு தேக்கரண்டி சோடா உப்பில் சுமார் 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 2,000க்குள் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒருவர் தட்டுக்கு அதில் ஒரு பங்குதான் வரும் என்றாலும், ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடும் நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பங்கும் எதற்கு?

மாவுக்கு வேண்டியது கதகதப்பு. உளுந்து பழசாக இல்லாமல் பார்த்து வாங்குங்கள். ஊறிய தண்ணீரையே விட்டு அரையுங்கள். பழைய மாவு ஒரு கரண்டி சேருங்கள். பெரிய ஹாட் பாக்ஸில் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்து மூடலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அவனைச் சூடாக்காமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு வைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் உள்ளே மாவு இருக்கிறது என்று கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். வேறு யாராவது வந்து அவனைப் போட்டுவிட்டால் பாத்திரத்தோடு வெந்துவிடும். கொதிக்கிற வெந்நீரில் பாத்திரத்தை இறக்கவும் கூடாது. ஓரம் வெந்துபோகும், நடுவில் ஒன்றும் நடக்காது.

பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். மாவு எழும்பி, கரண்டியால் கிளறினால் உள்ளே ஓட்டை ஓட்டையாக நுரைத்து, இதமான புளிப்பு வாசனை வந்தால் தயார். பன்னிரண்டு மணி நேரமானாலும் சரி, இருபத்துநான்கு ஆனாலும் சரி.

டிசம்பரில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் மாவு அப்படியே கிடந்தால், அதில் கொஞ்சம் எடுத்துத் தோசையாக ஊற்றிக்கொள்ளுங்கள், தாராளமாக வரும். மிச்சம் இன்னொரு ராத்திரி இருக்கட்டும். இட்லி நாளைக்குச் சாப்பிடலாம். அந்தப் பெண்ணின் கையைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள்.