மலையேறும் சைக்கிள்

சைக்கிள் என்று சொன்னவுடனே நம்மில் மூத்தவர்களின் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றே ஒன்றுதான். கறுப்பு வர்ணம், நேரான ஹாண்டில் பார், பின்னால் காரியர், கணீரென்று ஒலிக்கும் ஒரு மணி. அந்த வாகனத்துக்கு வரக்கூடிய வியாதிகளும் எண்ணிச் சொல்லக்கூடியவையே: பங்சர் ஆகும், பிரேக் பிடிக்காது, செயின் கழன்று விழும். மூன்றுக்கும் புளியமரத்தடிக் கடைக்காரரிடம் மருந்து உண்டு. குழந்தைகள்கூடச் செயினை மாட்டிவிட்டு, கையிலுள்ள மசியை மரத்தில் துடைத்துவிட்டு, ஏறிப் போய்விடுவார்கள்.

இப்போது நம் இளைஞர்கள் வாங்கும் சைக்கிள் வேறு ஜாதி. ஆட்டுக் கடாவின் கொம்பைப் போல் வளைந்த ஹாண்டில், விரற்கடை அகல டயர், முன்னால் இரண்டு பற்சக்கரம், பின்னால் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் சாலையில் நின்றால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இத்தகைய சைக்கிள்கள் ஓசையின்றிப் போவதைப் பார்க்கலாம். ஓசையின்றிப் போனால்தான் அவற்றுக்கு உடம்பு சரியாயிருக்கிறது என்று அர்த்தம்!

இத்தனை சக்கரம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். பொள்ளாச்சி கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. வால்பாறையோ மூவாயிரத்து ஐந்நூறு அடிக்கும் மேலே. ஆழியாற்றைத் தாண்டியதும் தொடங்கும் மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பழைய சைக்கிளில் முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு முறை சுற்றினால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும். சமதரையில் இது சௌகரியம். மலையில் நெஞ்சு வெடித்துவிடும். புதிய சைக்கிளில் முன்னால் 34, பின்னால் 34 என்று மாற்றிக்கொண்டால், ஒரு மிதிக்கு ஒரு சுற்றுத்தான். மெதுவாகப் போகும், ஆனால் போகும். யானை மலையேறும் ரகசியமும் இதுவே.

இந்த சௌகரியம் எளிதில் கிடைத்துவிடவில்லை. பிரான்ஸ் தேசத்தில் நடக்கும் புகழ்பெற்ற டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில், கியர் மாற்றும் கருவியை 1937-ஆம் வருஷம் வரையில் பெரிய வீரர்களுக்கு அநுமதிக்கவே இல்லை. அதற்கு முன் மலையடிவாரம் வந்ததும் வீரர்கள் கீழே இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். கியர் வந்த பிறகும், எந்த இடத்தில் நெம்புகோலை நிறுத்துவது என்பது கைப் பழக்கத்தையே பொறுத்திருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் சரியாக ஒரு பல் நகரும் முறையை ஜப்பானிய ஷிமானோ கம்பெனியார் 1984-இல் கொண்டுவந்தார்கள். சௌகரியம் பெருகியது, கூடவே நுணுக்கமும் பெருகியது. பதினொரு சக்கரங்கள் அடுக்கிய பின்பக்கத்தில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் செயின் முணுமுணுக்கத் தொடங்கும்.

நமது மருமான் ஒருவன் சென்ற மாதம் வால்பாறைக்குப் புறப்பட்டான். நான்காவது வளைவில், மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்கிற சமயத்தில், செயின் ‘கடக்’ என்று ஒரு பல் தாவியது. கால் நழுவியது. எதிரே பஸ் ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. பிள்ளை எப்படியோ ஓரத்தில் சாய்ந்து தப்பினான். “மாமா, இந்தச் சனியனை விற்றுவிடப் போகிறேன்” என்றுதான் வீட்டுக்குள் நுழைந்தான்.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. இரண்டு வாரமாகவே கியர் சரியாக விழவில்லையாம். ஏதோ ஒரு கடையில் காட்டியிருக்கிறான். அங்கிருந்தவர் திருப்புளியை எடுத்து, கண்ணில் பட்ட திருகுகளையெல்லாம் அரைச் சுற்றுத் திருகி, “இனிமேல் பறக்கும்” என்று அனுப்பிவிட்டார். பறக்கத்தான் பார்த்தது!

பிறகு நாம் அவனை அழைத்துக்கொண்டு, டவுனில் வெகு காலமாகச் சைக்கிள் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனோம். அவர் திருப்புளியைத் தொடவே இல்லை. சைக்கிளின் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, வண்டி எப்பவாச்சும் வலது பக்கமா விழுந்துச்சுங்களா?”

“விழவே இல்லைங்க.”

“நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க.”

மருமான் யோசித்தான். கோயமுத்தூரிலிருந்து வரும்போது சைக்கிளை வலது பக்கமாகப் படுக்க வைத்து, மேலே மூட்டைகளுடன் வண்டியில் ஏற்றி வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், கியர் கருவியைத் தாங்கிக்கொண்டு தொங்கும் சிறு உலோகத் துண்டு ஒன்று உண்டு. அடி பட்டால் சைக்கிளின் உடல் ஒடியாமல், தான் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அதை மெல்லியதாகச் செய்திருக்கிறார்கள். குடும்பத்துக்காகத் தன் முதுகை வளைத்துக்கொள்ளும் தாயாரைப் போன்றது அது. இந்தத் துண்டு வளைந்திருந்தால் எத்தனை திருகினாலும் எல்லாப் பல்லிலும் செயின் ஒழுங்காக நிற்காது. பின்னாலிருந்து பார்க்கும்போது, கீழே தொங்கும் இரண்டு சிறு சக்கரங்களும் மேலேயுள்ள பற்சக்கரத்துக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். மருமானுடையது உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

பெரியவர் அளவுகோல் வைத்து அதை நிமிர்த்தினார். பிறகு கியர் கருவியைக் கையால் உள்பக்கம் தள்ளிக் காட்டினார். செயின் மிகப் பெரிய சக்கரத்தையும் தாண்டி, ஸ்போக்ஸ் கம்பிகளை நோக்கிச் சென்றது! அதைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே ஒரு எல்லைத் திருகு உண்டு. முன்கடைக்காரர் தளர்த்திவிட்டது அதைத்தான். நான்காம் வளைவில் பிள்ளை இன்னும் ஒரு பல் கீழே தட்டியிருந்தால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டிருக்கும். நமக்கு முதுகு சில்லிட்டது.

“மூணு தப்புங்க. ஒண்ணு வளைஞ்சது. மத்த ரெண்டும் திருகினது” என்றார் பெரியவர், சிரிக்காமல்.

அன்று அவரிடம் கற்றுக்கொண்ட வரிசையை நேயர்களுக்காக இங்கே தருகிறோம். பின்னால் பற்சக்கரங்கள் அடுக்கி, ஒயரால் இயங்கும் கியர் சைக்கிள்களுக்குப் பொதுவாக இது பொருந்தும்.

முதலாவது, பின்சக்கரம் தன் காடியில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிக் கோளாறுகளை இங்கேயே சந்தேகிக்கலாம். இரண்டாவது, மேலே சொன்ன தொங்கு துண்டு. மூன்றாவது, எல்லைத் திருகுகள் இரண்டு. இவை செயின் இரு பக்கமும் வழி தவறி விழாமல் காக்கும் வேலிகள். நடுவிலுள்ள பற்களில் நேரும் கோளாறுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆகவே வேலி சரியாயிருந்தால் அதைத் தொடாதிருப்பதே புத்திசாலித்தனம்.

நான்காவது, ஒயரின் இழுப்பு. பெரிய சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் ஒயர் தளர்ந்திருக்கிறது. ஒயர் நுழையும் இடத்திலுள்ள சிறு குழல் திருகைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் கால் சுற்றுத் திருப்பிச் சோதிக்க வேண்டும். சிறிய சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஏற்றத்தைச் சரி செய்தால் இறக்கம் கெடுகிறது, இறக்கத்தைச் சரி செய்தால் ஏற்றம் கெடுகிறது என்றால், குற்றம் இழுப்பில் இல்லை. ஒயர் உறைக்குள் சிக்குகிறது. மழைநீரும் துருவும் சேர்ந்திருக்கும். தென்னை நார்த் தூள் பறக்கும் நம் ஊரில் இது சகஜம். ஒயரையும் உறையையும் மாற்றிவிட வேண்டியதுதான். ஹாண்டில் பக்கத்தில் ஒயரின் இழை பிரிந்திருக்கிறதா என்பதையும் பார்ப்பது நலம்.

ஐந்தாவது, செயினின் வயது. புதுச் செயினில் பன்னிரண்டு முழுக் கண்ணிகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்கும். அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் அது பற்சக்கரத்தையும் தின்றிருக்கும். அப்போது புதுச் செயின் மட்டும் போட்டால், அழுத்தி மிதிக்கையில் பல் தாவும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொள்ளாச்சியில் எந்த உபாதைக்கும் தேங்காய் எண்ணெயே கைகண்ட மருந்து. செயினுக்கு மட்டும் வேண்டாம். சுமார் 24 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே அது உறைந்துவிடும். வால்பாறைக் குளிரில் அப்புறம் கேட்பானேன்! செயினுக்கென்றே உள்ள எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலுள்ளதைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

இத்தனையும் சரியாயிருந்தும், மலையில் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே கியரை மாற்றினால் எந்தச் சைக்கிளும் முரண்டு பிடிக்கும். வளைவு வருமுன்பே, காலைச் சற்றுத் தளர்த்தி, மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்குத் திருப்புளி தேவையில்லை, நிதானம் போதும்.

இராட்டை சுற்றியவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. கதிர் வளைந்திருந்தால் நூல் அறும். கயிறு தளர்ந்தால் கதிர் சுழலாது. எது வளைந்தது, எது தளர்ந்தது என்று நூற்பவரே கண்டு சரி செய்துகொள்ள வேண்டும் என்பதில்தான் காந்தியடிகள் காட்டிய சுயராஜ்யத்தின் முதல் எழுத்து இருந்தது. பிற நாட்டார் செய்த கருவியை வாங்குவதில் தோஷமில்லை. அதன் உள்ளம் தெரியாமல், அதற்கு அடிமையாகி, பழுது பட்டவுடன் விற்றுவிடத் துடிப்பதுதான் தோஷம். நம் நாட்டிலே இத்தகைய கருவிகளைச் செய்யும் கைகள் பெருக வேண்டுமானால், அவற்றைக் கழற்றிப் பார்த்த கைகள் முதலில் பெருக வேண்டும்.

மருமான் சைக்கிளை விற்கவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை நாற்பது வளைவுகளையும் ஏறிவிட்டு வந்தான். புறப்படுமுன் ஐந்து நிமிஷம் சைக்கிளின் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். அந்தக் காட்சியைக் கண்டபோது, வளைவுகளைப் பற்றிய நமது கவலை பாதி குறைந்தது.