வில்லன் வேடம் குற்றமா?

குழந்தைகள் திருடன்–போலீஸ் விளையாடும்போது யாராவது ஒருவன் திருடனாக இருந்தே தீரவேண்டும். எல்லோரும் போலீசாகி விட்டால் ஆட்டம் ஏது? திருடனாக ஓடிய பையன் நாளைக்கு உண்மையிலேயே திருடனாகி விடுவான் என்று எந்தத் தாயும் அஞ்சுவதில்லை.

ஆனால், பெரியவர்களும் இளைஞர்களும் ஆடும் ஓர் ஆட்டத்தைப் பற்றி அமெரிக்காவில் இந்த அச்சம் பெரிதாக எழுந்தது. அது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் வேட ஆட்டம்.

நாலைந்து பேர் கூடுகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். "எதிரே பூதம் நிற்கிறது. என்ன செய்கிறாய்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். ஆடுபவர் சொல்லுவார். அது பலிக்குமா, பலிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். மேடை கிடையாது, ஒப்பனை கிடையாது. பேச்சுதான் நாடகம்!

பிறவியிலேயே உண்டு

இந்த வகை ஆட்டங்களில் முதலில் விற்பனைக்கு வந்தது "டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்". காரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் அதை உருவாக்கினார்கள். 1974-ம் ஆண்டில் அமெரிக்காவில் உள்ள விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து அது வெளிவந்தது. ஒழுங்கின் பக்கமா, நடுநிலையா, குழப்பத்தின் பக்கமா என்று பாத்திரம் தேர்ந்து கொள்ள வேண்டும் என்பது அப்போதே விதி. 1976-ல் கென் செயின்ட் ஆண்ட்ரே எழுதிய "மான்ஸ்டர்ஸ்! மான்ஸ்டர்ஸ்!" என்ற ஆட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதில் ஆடுபவர்கள்தான் அரக்கர்கள். ஊருக்குள் புகுந்து சூறையாடுவதே அவர்கள் வேலை!

ஆகவே, வில்லன் கட்சியில் சேர்ந்து ஆடுவது இடையில் புகுந்த கெட்ட பழக்கம் அல்ல. ஆட்டத்தோடு கூடவே பிறந்தது அது.

தவறான இடத்தில் பயம்

1980-களில் எதிர்ப்புக் கிளம்பியது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், அவன் சாவுக்கு இந்த ஆட்டமே காரணம் என்று நம்பி, 1983-ல் ஓர் எதிர்ப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தத் தாயின் துயரம் உண்மையானது. ஆனால், குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. இருந்தும் 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து பிசாசு, சாத்தான் என்னும் பெயர்கள் நீக்கப்பட்டன. கூலிக்குக் கொலை செய்யும் பாத்திரமும் எடுக்கப்பட்டது.

பெயரை எடுத்து விட்டால் தீமை போய் விடுமா? அந்தப் பெயர்கள் பின்னால் திரும்பி வந்தன. பெரியவர்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு ஒன்று. அதை அவர்கள் பார்க்கவில்லை.

உண்மையான கேடு

வில்லன் வேடம் போட்டவன், உடன் ஆடும் நண்பனின் பாத்திரத்தைத் திருடுகிறான், தூங்கும்போது குத்துகிறான். நண்பன் முகம் வாடினால், "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்கிறான். இந்த ஒரு வாக்கியத்தால் உடைந்துபோன ஆட்டங்கள் ஏராளம். குத்தியது பாத்திரமாக இருக்கலாம். குத்து வாங்கியது நட்பு!

"டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்" ஆடுவோருக்காக 2014-ல் தொடங்கிய பொது ஆட்ட வரிசை ஒன்றில் இதற்கு ஒரு விதி செய்தார்கள். தீய பாத்திரங்கள் கூடாது. ஆனால் குறிப்பிட்ட இரண்டு கட்சிகளில் சேருபவன் மட்டும், ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட தீயவனாக இருக்கலாம் என்றார்கள். கெட்டவனாக இருந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பவனோடு மற்றவர்கள் சேர்ந்து ஆட முடியும் அல்லவா?

2013-ல் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் இன்னும் எளிய வழியைச் சொன்னார். பெருக்கல் குறி போட்ட ஒரு சீட்டு மேஜை நடுவே இருக்கும். மனம் தாங்காத காட்சி வந்தால் யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம். காரணம் சொல்ல வேண்டாம். கதை உடனே வேறு பக்கம் திரும்பும்.

அழுகிறவர் உண்மை மனிதர்

மேஜைக்கு வெளியே இருப்பவர்களையும் மறக்கலாகாது. "வாம்பையர்: தி மாஸ்கரேட்" என்ற ஆட்டத்தில் ஆடுபவர்கள் எல்லோருமே ரத்தம் குடிக்கும் பேய்கள். 1991-ல் வந்த அந்த ஆட்டம் புகழ் பெற்றது. ஆனால், 2018-ல் அதன் துணைப் புத்தகம் ஒன்று, செச்சினியாவில் ஓரினச் சேர்க்கையாளர்களை உண்மையாகவே பிடித்துச் சித்திரவதை செய்த கொடுமையை எடுத்து, பேய்களின் சூழ்ச்சியாக்கிக் கதை கட்டியது. உயிர் தப்பி வந்தவர்கள் உலகத்தில் இருக்கும்போதே அவர்கள் பட்ட பாடு வேடிக்கையாகி விட்டது. கண்டனம் எழுந்தது. உரிமையாளரான சுவீடன் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, விற்பனையை நிறுத்தி, அந்தப் பகுதியை நீக்கியது. செய்ய வேண்டியதைத்தான் செய்தது.

கற்பனைப் பேய்க்கு எத்தனை கோரைப் பல் வேண்டுமானாலும் இருக்கட்டும். கடிபடுகிறவர் உண்மை மனிதராக இருக்கக் கூடாது!

வில்லனாக ஆடுவதில் ஒரு நன்மையும் உண்டு. கொடியவன் தன்னைக் கொடியவன் என்று எண்ணுவதில்லை. தன் செயலுக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறான். அந்த நியாயத்தைத் தன் வாயாலேயே ஒருமுறை பேசிப் பார்த்தவன், நாளைக்கு வெளியே அதே பேச்சைக் கேட்டால் எளிதில் ஏமாற மாட்டான்.

ஆகவே, வில்லன் வேடம் குற்றமல்ல. ஆடுவதற்கு முன் கூடி உட்கார்ந்து எல்லையைப் பேசிக் கொள்ளட்டும். எழுந்திருக்கும்போது வேடத்தை மேஜை மீதே வைத்து விட்டு எழுந்திருக்கட்டும். வீட்டுக்குப் போகும் வழியில் நண்பர்கள் சிரித்துக் கொண்டு போனால், அன்று வில்லன் நன்றாக ஆடினான் என்று பொருள்.