கூட்டுறவுப் பயிற்சி பணியாளரோடு நிற்பதா?



உறுப்பினரே உரிமையாளராகவும் பயனாளராகவும் விளங்கும் கூட்டுறவில், பங்குத்தொகை எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே என்பதால் உறுப்பினர் கல்வி இன்றியமையாதது; 1844-இல் இங்கிலாந்தில் சங்கம் தொடங்கிய ராச்டேல் முன்னோடிகள் கல்வியையும் தம் கொள்கைகளுள் ஒன்றாக வைத்தனர். தமிழ்நாட்டில் கூட்டுறவு மேலாண்மை நிலையங்கள் நடத்தும் பட்டயப் பயிற்சி, கணக்குப்பதிவு, தணிக்கை, கூட்டுறவுச் சட்டம் முதலியவற்றைக் கற்பித்துச் சங்கப் பணிக்கு ஆட்களை உருவாக்குகிறது. அது குறைவான தொண்டன்று. எனினும் சங்கத்தின் போக்கை வகுக்கும் நிர்வாகக் குழுவினர், அதாவது உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர்கள், இருப்புநிலைக் குறிப்பை வாசிக்கப் பழக வேண்டும் என்பதில் அத்தகைய அக்கறை காட்டப்படுவதில்லை; தேர்தல் நடவாத காலங்களில் தனி அலுவலரே பொறுப்பேற்பதால், தலைமை பழகும் வாய்ப்பும் (உண்மையான பள்ளி அதுவே) கைநழுவுகிறது. குஜராத்தின் ஆனந்தில் 2025-இல் திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகம் சட்டப்படி நிறுவப்பட்டுள்ள நிலையில், புதிய இயக்குநர்களுக்கும் இளம் உறுப்பினர்களுக்கும் தமிழிலேயே தலைமைப் பயிற்சி அளிக்க அரசு முன்வர வேண்டும்.