தலபுராணம் இல்லாத மண்டபங்கள்

நம் கோயில்களின் பெருமையை மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். சாமி எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அவர் ஏன் இந்த ஊரைத் தேடி வந்து உட்கார்ந்தார் என்பதற்கு ஒரு கதை வேண்டும். அதுதான் தலபுராணம். விளையாட்டு வீரர்களுக்காக அமெரிக்காவில் கட்டப்படும் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்ற புகழ் மண்டபங்களுக்கும் இதே விதிதான்.

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்றொரு ஏரிக்கரைக் கிராமம். மக்கள்தொகை 2,000-க்கும் குறைவு. நியூயார்க் நகரிலிருந்து காரில் நாலு மணி நேரம் போக வேண்டும். பெரிய நெடுஞ்சாலை எதுவும் ஊருக்குள் எட்டிப்பார்ப்பதில்லை. கணக்குப் பார்க்கிற வியாபாரி இங்கே டீக்கடை போடக்கூட யோசிப்பார். ஆனால் 1939-ல் இங்கே திறக்கப்பட்ட பேஸ்பால் புகழ் மண்டபத்தை இதுவரை ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். 2007-ல் கால் ரிப்கன், டோனி க்வின் இருவரும் மண்டபத்தில் இடம்பெற்ற விழாவுக்கு மட்டும் சுமார் 75 ஆயிரம் பேர் வந்தார்கள்.

இத்தனைக்கும் மூலம் ஒரு கதை. ஆப்னர் டபுள்டே என்பவர் 1839-ல் இந்த ஊரில்தான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று 1907-ல் ஒரு குழு முடிவு கட்டியது. பொய்க் கதை. அந்த ஆண்டில் டபுள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். கதை கட்டுக்கதை என்பது இன்று ஊரறிந்த விஷயம். ஆனாலும் யாத்திரை நிற்கவில்லை. தையல் மெஷின் புகழ் சிங்கர் கம்பெனியின் வாரிசுகளில் ஒருவரான ஸ்டீபன் கிளார்க், தன் ஊருக்காகப் பணத்தையும் செல்வாக்கையும் இறக்கினார். பேஸ்பால் லீக்குகள் ஆதரவு தந்தன. கதை, காசு, ஆட்டத்தை நடத்துபவர்களின் ஆசி மூன்றும் சேர்ந்தன.

கூப்பர்ஸ்டவுனிலிருந்து சுமார் 35 கி.மீ. தள்ளி ஒனியான்டா என்ற ஊர். இது அதைவிடப் பெரியது. நெடுஞ்சாலையும் பக்கத்திலேயே ஓடுகிறது. நம் கால்பந்தை அமெரிக்கர்கள் ‘சாக்கர்’ என்பார்கள். அதற்கான தேசியப் புகழ் மண்டபம் இங்கேதான் இருந்தது. 1999-ல் புதுக் கட்டிடமும் எழுந்தது. பக்கத்து ஊர்க் கூட்டம் இந்தப் பக்கமும் திரும்பும் என்றுதான் யாருக்கும் நினைக்கத் தோன்றும். திரும்பவில்லை. 2010-ல் மண்டபம் மூடப்பட்டு, சேகரித்த பொருட்கள் கிடங்குக்குப் போயின. உள்ளூர் ஹார்ட்விக் கல்லூரி 1977-ல் கல்லூரிக் கால்பந்தில் தேசிய சாம்பியன். ஊருக்கு அது பெருமை. ஆனால் நாட்டுக்கே ஒரு தலபுராணமாக அது வளரவில்லை. எட்டு வருடம் கழித்து, 2018-ல், டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில், லீக் ஆட்டங்கள் நடக்கும் ஸ்டேடியத்தோடு சேர்த்தே மண்டபம் மறுபடி திறக்கப்பட்டது. கதை இல்லாவிட்டால் கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

கல்லூரி அளவிலான அமெரிக்கன் ஃபுட்பால் மண்டபத்துக்கும் இதே அலைச்சல். 1978-ல் ஒஹையோவில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் அருகில் ஆரம்பித்தது. 1995-ல் சவுத் பெண்டுக்கு மாறியது. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் ஊர். அந்த ஆட்டத்துக்கு அதைவிடப் புகழ்பெற்ற தலம் கிடைப்பது அரிது. ஆனால் திருவிழாக் கூட்டமெல்லாம் ஆட்டம் நடக்கும் சில சனிக்கிழமைகளோடு சரி. மற்ற நாட்களில் போதிய ஆள் வரவில்லை. 2014-ல் அட்லாண்டா நகரின் நடுவே குடியேறியது.

கதையும் கூட்டமும் ஒரே இடத்தில் அமைவதும் உண்டு. நியூபோர்ட் கடற்கரையில் உள்ள சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபம் அப்படி. அமெரிக்காவின் முதல் தேசிய டென்னிஸ் போட்டி 1881-ல் நடந்த இடம் அது. ஊரும் கோடையில் பணக்காரர்கள் தேடிவரும் ஊர். நம் விஜய் அமிர்தராஜும் லியாண்டர் பயஸும் 2024-ல் அங்கே இடம்பெற்றார்கள்.

நம் நாட்டுக் கதை என்ன? கொல்கத்தாவிலும் புனேயிலும் தனியார் விளையாட்டு அருங்காட்சியகங்கள் உண்டு. அரசின் தேசிய அருங்காட்சியகமோ பல காலம் பேச்சளவில்தான் இருந்தது. ஹாக்கியில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பல்பீர் சிங், டெல்லியில் அமையும் என்று சொல்லப்பட்ட அருங்காட்சியகத்துக்காகத் தன் பதக்கங்கள், படங்கள், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் கேப்டனாக அணிந்த கோட்டு ஆகியவற்றை 1985-ல் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். அவை காணாமல் போனது 2012-ல்தான் வெளியே தெரிந்தது. 2020-ல் அவர் காலமாகும்வரை அவை திரும்பவில்லை. வைக்க ஓர் இடமில்லாத பொருளுக்கு நேர்ந்த கதி இது.

இடம் எது என்று கேட்டால், டெல்லிக்கு வெளியேயும் பார்க்க வேண்டும் என்பேன். பஞ்சாபில் ஜலந்தர் கன்டோன்மென்ட்டை ஒட்டி சன்சார்பூர் என்று ஒரு கிராமம். 14 ஒலிம்பிக் ஹாக்கி வீரர்களைத் தந்த ஊர். கூப்பர்ஸ்டவுனின் கதையைப் போல இதை யாரும் புனைய வேண்டியதில்லை. பேட்டும் பந்தும் ஹாக்கி மட்டையும் செய்யும் தொழிலுக்குப் பேர்போன நகரம் ஜலந்தர். பொற்கோயிலுக்குப் போகும் கூட்டம் அந்த வழியாகத்தான் அமிர்தசரஸ் போகிறது. மூர்த்தி இருக்கிறார், தலம் இருக்கிறது, பக்தர்களும் பக்கத்திலேயே போகிறார்கள்.

குறைவது ஒன்றுதான். ஸ்டீபன் கிளார்க்கைப் போல, “இது என் ஊர்” என்று சொல்லிப் பொறுப்பை ஏற்கும் ஓர் ஆள். அந்த ஆள் கிடைக்காமல் கட்டிடம் மட்டும் எழுந்தால், அதற்கும் ஒனியான்டாவின் கதிதான்.