தொளிக்குக் கீழே

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பூதப்பாண்டி ரோட்டில் பஸ் திரும்பியதுமே கண்ணில் பட்டுவிட்டது. எங்கள் வயலுக்கு அடுத்த வயலில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கும்பப்பூ அறுத்த தாள்கூட இன்னும் மக்கவில்லை. நாலு மூலையிலும் கல் நட்டாகிவிட்டது.

"நம்மளும் குடுத்திரலாம்க்கா. வெறும் மண்ணுதானே. இப்பம் யாரு தொளியில எறங்குகா?" என்றான் தம்பி.

வெறும் மண். அந்த வார்த்தை ராத்திரி தூங்கவிடவில்லை.

பாட்டா காலத்தில் வயல் கிணற்றை ஆழப்படுத்தியபோது, கறுப்புச் சேற்றிலிருந்து ஒரு கட்டை வந்ததாம். ஆச்சி அதைக் காயவைத்து அடுப்பில் வைத்திருக்கிறாள். புகைந்ததாம், எரியவில்லையாம். அது எந்தக் காலத்து மரமோ! கேட்பதற்கு அப்போது ஆளில்லை.

கேரளத்தில் குட்டநாட்டுக்காரர்களுக்கு இது அதிசயமே இல்லை. வைக்கம், அம்பலப்புழைப் பக்கத்து வயல்களுக்குக் கரி நிலம் என்றே பெயர். வாய்க்கால் வெட்டினால் கறுத்துப்போன முழு மரங்கள் கிடைக்கும். ஒருகாலத்தில் காடாக நின்று, வெள்ளமும் சேறும் மூடிப் புதைந்தவை. தண்ணீர் தேங்கிய சேற்றுக்குள் காற்று புகாது. காற்றில்லாமல் மரம் லேசில் மக்காது. அந்தக் காட்டின் மேல்தான் இன்று நெல் விளைகிறது.

மரமே கிடைக்க வேண்டும் என்றும் இல்லை. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மண்ணை எடுத்து, அதிலுள்ள கார்பனை ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் மற்றவர்களும் 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மரமும் வெப்பநாட்டுப் புல்லும் கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு வேறு. அதை வைத்து, எந்தக் காலத்தில் மரம் மிகுந்தது, எப்போது புல் பரவியது என்று சுமார் 20,000 ஆண்டுக் கதையைப் படித்துவிட்டார்கள். மண் அப்படிக் கணக்கு எழுதி வைத்திருக்கிறது.

உழுத தடமும் நிற்கும். ராஜஸ்தானில் காளிபங்கன் என்ற இடத்தில், ஹரப்பா நகரத்துக்கும் முந்தைய காலத்து வயல் ஒன்றை 1960-களில் தோண்டி எடுத்தார்கள். சுமார் 4,800 ஆண்டுப் பழசு. குறுக்கும் நெடுக்குமாக ஏர்ச்சால். ஒரு பக்கம் நெருக்கமாக, மறுபக்கம் அகலமாக. அந்த வட்டாரத்தில் கொள்ளையும் கடுகையும் சேர்த்துப் பயிரிடுகிறவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் உழுகிறார்களாம்! இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

நெல்லுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் தாமிரபரணி நாடு. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். செத்தவரோடு நெல்லையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பெயர்களையும் கொஞ்சம் கேளுங்கள். நாவல்காடு, மருதங்கோடு, இலந்தையடித்தட்டு. நாவலும் மருதும் இலந்தையும் பெயரில் மட்டுமாவது மிஞ்சியிருக்கின்றன. எங்கள் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று யாரும் இன்னும் துளைத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் ஆச்சியின் அடுப்புக் கட்டைக்கு உறவு ஏதும் கிடைக்கலாம்.

செம்மண் கொட்டினால் அடியில் பத்திரமாகத்தானே இருக்கும் என்று தம்பி கேட்பான். நியாயமான கேள்விதான், காளிபங்கன் வயலும் மண் மூடித்தான் பிழைத்தது. ஆனால் பிளாட்டுக்கு மண்ணோடு முடிவதில்லையே. அஸ்திவாரம், போர்வெல், செப்டிக் டேங்க் என்று வரிசையாகத் தோண்டுவார்கள். வெளியே வருவதை அள்ளி எங்கே கொட்டுவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

சித்திரை பிறந்ததும் கன்னிப்பூவுக்கு உழ வேண்டும். டிராக்டர்காரருக்கு நான் முன்பணம் கொடுத்துவிட்டேன். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை.