கடல் பெரிது என்பது சாக்கு

“கடல் பெரிது, எதைக் கொட்டினாலும் கரைத்துக்கொள்ளும்.” ஆலைக் கழிவுக் குழாய் கடலை நோக்கித் திரும்பும் இடமெல்லாம் இந்தப் பேச்சு கேட்கிறது. இதில் நான்கு வாதங்கள் அடங்கியிருக்கின்றன. நான்கும் நிற்கமாட்டா.

1. “நஞ்சு நீர்த்துப்போகும்.” ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. நீரில் சொற்பமாக இருந்த மெத்தில் பாதரசம் நுண்ணுயிரில் தொடங்கிச் சிறுமீன், பெருமீன் என்று ஏற ஏறத் திரண்டது. அந்த மீனை உண்டவர்களுக்கு நரம்பு கெட்டது. கருவிலிருந்த பிள்ளைகளும் தப்பவில்லை. நீர் பிரித்ததை உயிர்கள் சேர்த்துவிட்டன.

2. “அது நடுக்கடலுக்குப் போய்விடும்.” கழிவு முதலில் சேர்வது கரையோரத்தில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கும் இடம் அது. படகும் வலையும் பாழாகி, மீனவர்களே அந்த எண்ணெயை அள்ள வேண்டியதாயிற்று. வங்கக் கடலின் பரப்பளவு அவர்களுக்கு என்ன உதவி செய்தது?

3. “காலப்போக்கில் மக்கிவிடும்.” 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பற்றி, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் இருந்தன. இலங்கையின் மேற்குக் கரை மணலெங்கும் அவை ஒதுங்கின. வெயிலும் அலையும் பிளாஸ்டிக்கைப் பொடியாக்கும், இல்லாமல் ஆக்காது. 10,000 மீட்டருக்கும் கீழே, மரியானா அகழியிலேயே பிளாஸ்டிக் பை கிடந்தது.

4. “கரியமில வாயுவைக் கடல் உறிஞ்சுவது நன்மைதானே?” நாம் வெளியிடுவதில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்வது உண்மை. அதற்கு விலை உண்டு. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல்மேற்பரப்பின் பிஹெச் அளவு இன்று 8.1. சிறிய வேறுபாடாகத் தெரிந்தாலும் அமிலத்தன்மை ஏறக்குறைய 30 விழுக்காடு கூடிவிட்டது. பவளமும் சிப்பியும் கூடு கட்டத் தேவையான கார்பனேட் அதனால் குறைகிறது.

கப்பலிலிருந்து கழிவு கொட்டுவதற்கு 1996இன் இலண்டன் நெறிமுறை தெளிவான விதி வைத்திருக்கிறது: பட்டியலில் அனுமதித்தவை தவிர எதையும் கொட்டக் கூடாது. கரையிலிருந்து நீளும் குழாய்களுக்கும் அதே விதி வேண்டும். கெடுதல் நேர்ந்ததை மீனவர் நிரூபிக்கட்டும் என்று காத்திருப்பது அநியாயம். கெடுதல் இல்லை என்பதைக் கொட்டுகிறவர்தான் முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும்.