பயம் போகவில்லை

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பயமே போச்சு. மாத்திரையைப் போட்டோமா, கலைச்சோமா, மறுநாள் வேலைக்குப் போனோமான்னு இருக்காங்க."

இந்தப் பேச்சைப் பட்டிமன்ற மேடையில் கேட்டிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன். ஒரு கல்லூரி ஆண்டு விழாவில், மாணவிகளையே முன்வரிசையில் உட்காரவைத்துக்கொண்டு சிறப்பு விருந்தினர் பேசக் கேட்டிருக்கிறேன். ஆளும் ஊரும் மாறுகின்றன, வசனம் மாறுவதில்லை. அன்று அந்த மாணவிகளும் மரியாதைக்குக் கைதட்டினார்கள். தங்களைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்க்குத் தாங்களே கைதட்ட வேண்டிய நிலையில் அவர்கள் இருந்தார்கள். அந்த ஆத்திரம்தான் இதை எழுத வைக்கிறது.

முதலில் மாத்திரை. இளம்பெண்கள் கருத்தடை மாத்திரையை மிட்டாய் போல முழுங்குகிறார்களாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு 5.1 பேர். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 பேர். தமிழ்நாட்டில் 57.8 பேர். இங்கே கருத்தடை என்றாலே அந்த ஆபரேஷன்தான். இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுக்கும்போதே மாமியாரும் நர்ஸும் பேசி முடித்துவிடுகிற விஷயம் அது. பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதுகூட ஆகியிருக்காது. ஆண்கள் செய்துகொள்ளும் ஆபரேஷன் இதைவிட எளிது, வயிற்றைத் திறக்க வேண்டாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அதைச் செய்துகொண்ட ஆண்கள் நாடு முழுவதற்கும் ஆயிரத்துக்கு மூன்று பேர். இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லி ஆண்களைக் கண்டித்த ஒரு பேச்சாளரையும் நான் பார்த்ததில்லை.

மாத்திரை சாப்பிட்டால் பிறகு பிள்ளையே பிறக்காது என்கிறார்கள். நிறுத்தினால் கரு தங்கும். நிறுத்தினால் தங்கும் என்பதால்தானே தினமும் தவறாமல் சாப்பிடச் சொல்கிறார்கள்.

அடுத்தது, இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த கெட்ட பழக்கம் என்ற குற்றச்சாட்டு. பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றிக் 'குடிஅரசு' இதழில் எழுதிப் பேசி இப்போது தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மற்றவர்கள் வறுமைக்கும் ஆரோக்கியத்துக்கும் மக்கள்தொகைக்கும் மருந்தாக அதைச் சிபாரிசு செய்த காலத்தில், பெண் சுதந்திரமாக இருப்பதற்கு அது வேண்டும் என்றார் அவர். 1950களின் பிற்பகுதியிலேயே ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்து ஆள் சேர்த்தது அன்றைய சென்னை மாநில அரசு. குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் பேருந்தின் முதுகிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் இருந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. அரசாங்கம் சொன்னால் குடும்ப நலம், ஒரு பெண் தானாக முடிவெடுத்தால் கெட்ட பழக்கமா?

சரி, பாட்டிகள் காலத்தில் கருக்கலைப்பே இல்லையா? எருக்கம்பாலும் குச்சியும் எதற்குப் பயன்பட்டன என்று எந்தக் கிராமத்து வயதான பெண்ணைக் கேட்டாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாக்கியிருந்தது. செய்துகொண்ட பெண்ணுக்கும் சிறை உண்டு. அப்படியிருந்தும் பெண்கள் அரைகுறை வைத்தியத்தில் ரத்தம் போய், கிருமி தாக்கிச் சாவது நிற்கவில்லை. 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைத்து ஆராய்ந்த பிறகுதான் 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. அந்த மசோதாவின் நோக்க உரையை மேடைப் பேச்சாளர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். பழைய சட்டம் நாடெங்கும் மீறப்பட்டே வந்திருக்கிறது என்றும், கலைத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் கருவை மறைக்க வேண்டிய அவசியமே இல்லாத, கல்யாணமான பெண்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அறுபதுகளின் பெண்களைப் பற்றிய சாட்சியம் அது. அந்தப் பெண்கள்தான் மேடைப் பேச்சாளர்கள் இன்று புகழ்ந்து பேசும் அடக்கமான அம்மாக்களும் பாட்டிகளும். அவர்கள் ஒழுக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. நாலாவது, ஐந்தாவது பிள்ளையைச் சுமக்க உடம்பிலும் வீட்டிலும் வழியில்லாமல் உயிரைப் பணயம் வைத்தார்கள். அதைத்தான் இப்போது மறைக்கிறார்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். பயம் போய்விட்டது என்கிறவர் ஒரு மாலை நம் ஊர் மருந்துக் கடை ஒன்றில் அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும்.

நாப்கின் வாங்க வரும் பெண் முதலில் கடையில் வேறு ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பாள். கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத்தான் கொடுப்பார். ஆணுறை கேட்கிற பெண்ணை இதுவரை பார்த்ததில்லை என்று எங்கள் பகுதிக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவர் அவர். இந்த ஊரில்தான் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, உறை கிழிந்துவிட்டது என்றோ, அவன் கேட்கவில்லை என்றோ, பதறிப்போய் அவசரக் கருத்தடை மாத்திரை தேடி வருகிறாள்.

அந்த மாத்திரை லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. உலக சுகாதார நிறுவனம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005லேயே இந்தியாவில் அனுமதி கிடைத்துவிட்டது. 'ஈசி பில்' என்ற பெயரில் மத்திய அரசின் குடும்பநலத் திட்டத்திலேயே அது இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்குத் தடை எதுவும் கிடையாது. ஆனால் சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் "ஸ்டாக் இல்லம்மா" என்ற பதில்தான் வரும். சில கடைகளில் "அது தடை பண்ணிட்டாங்களே" என்பார்கள். தொலைக்காட்சியில் அந்த மாத்திரையின் விளம்பரம் வரத் தொடங்கியபோது கலாச்சாரம் கெடுகிறது என்று எழுந்த கூச்சலுக்குப் பயந்து கடைகள் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. பத்திரிகைகள் இதைப் பலமுறை எழுதிவிட்டன, அதிகாரிகளும் தடை இல்லை என்று பலமுறை சொல்லிவிட்டார்கள். அலமாரி மட்டும் அப்படியே இருக்கிறது. பெங்களூரிலிருந்து வரும் தோழியிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். தோழி இல்லாதவளுக்கு மூன்றாம் நாளும் கடந்துவிடும்.

அதற்குப் பிறகு நாள் தள்ளிப்போகும். அப்போது அவளுக்கு வேண்டியது வேறு மாத்திரை. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரண்டும் சேர்ந்த தொகுப்பு, மருத்துவர் சீட்டோடு, ஒன்பது வாரத்துக்குள் போட வேண்டியது. கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் உள்ள வேறுபாடு தெரியாமலே இரண்டையும் "கலைக்கிற மாத்திரை" என்று ஒரே மூச்சில் திட்டுகிற பேச்சாளர், முதல் மாத்திரையைக் கடையிலிருந்து விரட்டியதன் மூலம் பெண்களை இரண்டாவது மாத்திரையை நோக்கித் தள்ளிவிட்டார் என்பதை உணர்வதே இல்லை. கருக்கலைப்பு கூடாது என்று மனசார நினைக்கிறவர் யாராக இருந்தாலும், முதலில் அவசரக் கருத்தடை மாத்திரை ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும் என்றுதான் போராட வேண்டும். அப்படிப் போராடிய ஒருவரைக் காட்டுங்கள். அவர்களுக்குக் கருவைப் பற்றிய கவலை இல்லை. பெண் தண்டனை இல்லாமல் தப்பிவிடுவாளோ என்பதுதான் கவலை.

அரசாங்கத்தின் வழியும் அவளுக்கு அடைபட்டே இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போவார், நல்ல சேவை, நான் மதிக்கிறேன். அவர் கையில் இருப்பது தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. கல்யாணமாகாத பெண் அந்தப் பதிவேட்டில் இல்லை. காப்பர்-டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை போன்ற கருத்தடைச் சாதனங்கள் எல்லாம் அந்தப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களைத் தேடித்தான் போகின்றன. பள்ளிக்கூடத்தில் இனப்பெருக்க மண்டலப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறார்கள். எங்கேயும் சொல்லித்தராமல், எங்கேயும் கொடுக்காமல் வைத்துவிட்டு, ஏன் ஜாக்கிரதையாக இல்லை என்று கேட்பது அநியாயம்.

"கலைச்சோமா, மறுநாள் வேலைக்குப் போனோமா" என்பதையும் பார்ப்போம். முன்பு சொன்ன ஐந்தாவது குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் நடந்த கருக்கலைப்புகளில் 27 சதவீதம் வீட்டில் அந்தப் பெண்ணே செய்துகொண்டவை. 2015ஆம் ஆண்டுக்கு ஆய்வாளர்கள் எடுத்த மதிப்பீடு இன்னும் பெரியது. இந்தியாவில் அந்த ஆண்டு சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள், அவற்றில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை. தமிழ்நாடும் அந்த ஆய்வு நடந்த ஆறு மாநிலங்களில் ஒன்று. இந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் பார்த்தீர்களா, எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பார்கள். விடுதிக் கழிவறையில், அறைத்தோழிக்குக்கூடச் சத்தம் கேட்காமல், எவ்வளவு ரத்தம் போனால் ஆபத்து என்று தெரியாமல், இரவெல்லாம் உட்கார்ந்திருப்பது சாதாரணமா? மறுநாள் அவள் வேலைக்குப் போவது உண்மைதான். விடுப்புக்கு என்ன காரணம் எழுதுவாள்?

மருத்துவமனைக்குப் போனால் என்ன என்பீர்கள். போனால் "புருஷன் வரலையா?" என்பது முதல் கேள்வி. கழுத்தில் தாலி இருக்கிறதா என்று கண் போகும். அம்மாவைக் கூட்டிவா, கணவர் கையெழுத்து வேண்டும், ஆதார் வேண்டும் என்பார்கள். சட்டத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. 1971 சட்டம் கருத்தடை தோற்றுப்போனால் கலைத்துக்கொள்ள மணமான பெண்ணுக்கு மட்டும் இடம் கொடுத்தது. 2021 திருத்தம் அந்த இடத்தில் "பெண் அல்லது அவளது துணைவர்" என்று எழுதி, அந்த வேறுபாட்டை நீக்கியது. அதற்குப் பிறகும் 25 வயதுப் பெண் ஒருத்தி, கல்யாணமாகாதவள், விவசாயக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவள், கல்யாணம் செய்கிறேன் என்றவன் கைவிட்ட நிலையில், டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்து, உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 20 வாரத்தைத் தாண்டிவிட்டவள் அவள். 2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அமர்வு, 20 முதல் 24 வாரம் வரையிலான விதியிலும் மணமானவள், மணமாகாதவள் என்று பிரிப்பது செல்லாது என்றது. குடும்பத்தின் சம்மதம், சான்றிதழ், நீதிமன்ற உத்தரவு என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்றும் சொன்னது. கணவனே பலாத்காரம் செய்து உண்டான கருவும் இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை பலாத்காரத்தால் வந்த கருதான் என்றது. ஒரு கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றப் படி ஏறியவளை விளையாட்டுத்தனமானவள் என்று சொல்ல நாக்கு கூச வேண்டும்.

பதினெட்டு நிறையாத பெண்களின் பாடு இன்னும் மோசம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். காதலித்தவன் ஜெயிலுக்குப் போய்விடுவானே என்று பயந்து மருத்துவரிடமே போகாத பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளையும் அவள் பாதுகாவலரும் கேட்டால் அவள் பெயரை வெளியிடாமல் மருத்துவர் தகவல் தரலாம் என்று அதே தீர்ப்பு சொல்லியிருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

கடைசியாக, ஒழுக்கம். அதே ஐந்தாவது கணக்கெடுப்பில் ஆண்களிடமும் கேட்டார்கள். கருத்தடை பெண்ணின் வேலை, ஆண் அதற்குக் கவலைப்பட வேண்டாம் என்று நூற்றில் 35 பேர் ஒத்துக்கொண்டார்கள். கருத்தடை பயன்படுத்துகிற பெண் ஒழுக்கம் கெடக்கூடும் என்று ஏறத்தாழ 20 பேர் சொன்னார்கள். பொறுப்பு முழுவதும் அவளுக்கு, அதை நிறைவேற்றினால் கெட்ட பெயரும் அவளுக்கு. கருக்கலைப்புக்குப் பெண்கள் சொன்ன காரணங்களில் ஏறத்தாழப் பாதி, 48 சதவீதம், நினைக்காமல் தங்கிய கரு. அந்தக் கரு அவள் மட்டும் நினைக்காமல் தங்கியது அல்ல.

இதைப் படிக்கிற இளம்பெண்களுக்கு ஒன்று. உனக்கு 18 வயது நிறைந்துவிட்டால், கருக்கலைப்புக்குச் சட்டம் கேட்கும் சம்மதக் கையெழுத்து உன் ஒருத்தியுடையது மட்டும்தான். உன் விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத யாரிடமாவது வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. கணவர் கையெழுத்தோ அப்பா கையெழுத்தோ கேட்டால், எந்தச் சட்டப் பிரிவின்படி என்று எழுதித் தரச் சொல். நாள் தள்ளிப்போனால் தள்ளிப் போடாமல் அரசு மருத்துவமனைக்குப் போ, கூட ஒரு அக்காவையோ தோழியையோ கூட்டிக்கொண்டு போ. அந்த அக்காவாக இருக்கக் கூடிய வயதில் இருக்கிறவர்கள், கூப்பிட்டால் கேள்வி கேட்காமல் கூடப் போங்கள்.